புராஸ்டேட் ரோபோ அறுவை: சேர்வதற்கு முன்னும் வீடு திரும்பிய பின்னும்

அப்பாவின் வயிற்றில் ஆறு தழும்புகள். ஐந்து விரல்நக அளவு. தொப்புளுக்கு மேலே இருப்பது மட்டும் கட்டைவிரல் நீளம். டிஸ்சார்ஜ் ஆன நான்காம் நாள் பார்க்க வந்த சித்தப்பா, சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணே? இதுக்கா இப்படிப் படுத்திருக்கீங்க?" என்றார். அப்பாவும் அதை நம்பிவிட்டார். மறுநாள் காலை மோட்டார் ஓடவில்லை என்று கீழே இருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். மதியத்துக்குள், டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் யூரின் பை சிவந்துவிட்டது.

நல்லவேளை, படுத்து ஓய்வெடுத்துத் தண்ணீர் நிறையக் குடித்ததும் மாலைக்குள் தெளிந்தது. ஆனால் அன்றிலிருந்து யார் ரோபோ அறுவை என்று சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: சிறியது வெளியே தெரியும் வெட்டு மட்டும். உள்ளே எடுக்கிற உறுப்பு, அறுக்கிற குழாய், போடுகிற தையல் எல்லாம் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் உள்ளவைதான். உள்காயம் ஆற அதே வாரங்கள் வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்காக அறுவைக்குப் போன அப்பாவின் கூடவே இருந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறினால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

ரோபோ என்ன செய்கிறது

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அறையில், சில அடி தள்ளி, கன்சோல் என்னும் மேசைக்குள் முகத்தைப் பதித்து உட்கார்ந்திருப்பார். அவர் விரலை அசைத்தால் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவி அசையும். கருவிகள் நுழையும் துளைகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்தான். உள்ளே இருப்பதைப் பெரிதாக, ஆழத்தோடு பார்க்க முடிகிறது. கருவியின் நுனி மணிக்கட்டைப் போல வளைகிறது. கைநடுக்கம் கருவிக்குப் போவதில்லை. புராஸ்டேட் இருப்பது இடுப்பெலும்புக்குள், குறுகலான பள்ளத்தில். அதனால்தான் இந்த அறுவைக்கு ரோபோ இவ்வளவு பொருந்தியது.

அதிகம் பேசப்படும் டா வின்சி இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. புராஸ்டேட் அறுவையை அதில் ஒழுங்குபடுத்தி உலகம் முழுக்கப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர், புதுச்சேரி ஜிப்மரில் படித்து அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பணிபுரிந்த மருத்துவர் மணி மேனன். இப்போது இந்தியாவிலேயே தயாராகும் மந்த்ரா என்ற இயந்திரமும் இருக்கிறது.

இயந்திரத்தின் பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ரோபோ அறுவையையும் திறந்த அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2016இலும் 2018இலும் வெளியான அதன் முடிவுகளின்படி, ரோபோ அறுவையில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் இருக்கும் நாளும் குறைவு. ஆனால் சிறுநீரை அடக்கும் திறனிலும் தாம்பத்திய ஆற்றலிலும் இரண்டு ஆண்டு கழித்துக்கூட இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கன்சோலில் யார் உட்காருகிறார் என்பதுதான் பெரிய விஷயம்.

முதல் வேலை: கேட்க வேண்டியதைக் கேட்பது

ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். நாங்கள் கேட்டவை இவை. இந்த அறுவையை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? முழுவதையும் நீங்களே செய்வீர்களா? நடுவில் சிக்கலானால் வயிற்றைத் திறக்க வேண்டிவருமா? புராஸ்டேட்டை ஒட்டி ஓடும் நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? அறுவை இல்லாமல் கதிர்வீச்சு எங்களுக்குச் சரிவருமா? வீடு போனபின் இரவில் பிரச்சினை என்றால் யாருக்குப் போன் செய்வது?

முதல் கேள்வியைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. மருத்துவர் கோபப்படவில்லை, எண்ணிக்கையைச் சொன்னார். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பணத்தைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். ரோபோவின் கருவிகளைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதனால் கருவிச் செலவு தனியாகச் சேரும். பேக்கேஜில் அது அடங்கியிருக்கிறதா, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் எவ்வளவு, எடுத்த திசுவைப் பரிசோதிக்கும் செலவு உள்ளே வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், ரோபோ அறுவையை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் இவ்வளவு தொகைதான் தருவோம் என்று உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு இடமுண்டு. பாலிசியில் நவீன சிகிச்சைகள் என்ற தலைப்பின் கீழ் அந்த வரம்பு இருக்கலாம். சேருவதற்கு முன்பே அதைத் தேடிப் படியுங்கள். கையில் பணம் இல்லை என்றால் சென்னை ஓமந்தூரார் அரசு பல்நோக்கு மருத்துவமனையை விசாரியுங்கள். அங்கே 2022இலிருந்து ரோபோ அறுவை நடக்கிறது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

பயாப்சிக்காக, அதாவது பரிசோதனைக்காக, திசு எடுத்த இடத்து வீக்கம் வற்றுவதற்காகப் பொதுவாகச் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த நாட்களைப் பதற்றத்திலேயே கழித்துவிடாதீர்கள். செய்ய நிறைய இருக்கிறது.

மாத்திரைகளிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெயரை வாயால் சொன்னால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் மிக முக்கியம். சிலவற்றை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன் நிறுத்துவார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்காக டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தனியாகச் சொல்லுங்கள். வழக்கமாக அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சித்த மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை இவையும் பையில் இருக்கட்டும். "அது மருந்தா?" என்று அப்பா ஒதுக்கி வைத்த பூண்டு மாத்திரையைத்தான் மயக்க மருத்துவர் முதலில் நிறுத்தினார்.

புகைபிடிப்பவர்கள் இன்றைக்கே விடுங்கள். நான்கு வாரம் விட்டிருந்தாலே நுரையீரலுக்கும் காயம் ஆறுவதற்கும் பெரிய உதவி. தினமும் அரைமணி நேரம் நடங்கள். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மருந்துக்கடையில் வாங்கி, வீட்டிலேயே இழுத்துப் பழகுங்கள். அறுவை முடிந்தபின் முதன்முறையாக அதைக் கையில் எடுத்தால் வலியில் ஒன்றும் புரியாது.

இனி, எங்களுக்குத் தாமதமாகத் தெரியவந்த ஒன்று: இடுப்படித் தசைப் பயிற்சி. புராஸ்டேட்டை எடுக்கும்போது சிறுநீரை அடக்கும் ஏற்பாட்டில் ஒரு பகுதி போய்விடுகிறது. மிச்சத்தை இந்தத் தசைதான் தாங்க வேண்டும். வாயு பிரியாமல் இறுக்கிப் பிடிப்பது போல உள்ளே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே நேரம் தளர விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்று தெரியாவிட்டால் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன்பே தசையை அடையாளம் கண்டு பழகியவர்களுக்குப் பின்னால் அது மிகவும் கைகொடுக்கும்.

வீட்டையும் தயார் செய்யுங்கள். இந்தியன் கழிப்பறை மட்டும் இருந்தால் அதன் மேல் வைக்கும் நாற்காலி ஒன்று வேண்டும். குந்தி உட்கார்ந்து முக்குவது ஆகாது. தரையில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். மாடி வீடு என்றால் முதல் பத்து நாளைக்குக் கீழேயே ஓர் அறை பாருங்கள். நான்கைந்து பழைய லுங்கி எடுத்து வையுங்கள். யூரின் டியூபோடு பேண்ட் போடவே முடியாது, லுங்கிதான் சுகம். பெரியவர்களுக்கான டயப்பரும் பேடும் ஒரு பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். டியூப் எடுக்கும் நாளுக்கு அது வேண்டும்.

முந்தைய நாளும் அன்று காலையும்

பொதுவான விதி: அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலகுவான உணவு, இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர். மருத்துவமனை இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதுதான் கணக்கு. பால் சேர்ந்த காபி தண்ணீர் வகையில் சேராது, உணவு வகைதான். மோரும் கஞ்சியும் அப்படியே. அப்பா அன்று காலை ஐந்து மணிக்கு, "அரை டம்ளர்தானே" என்று காபி குடித்துவிட்டார். எட்டு மணி அறுவை பிற்பகலுக்குத் தள்ளிப் போனது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்துக்காகத்தான் இந்தக் கண்டிப்பு என்று மருத்துவர் விளக்கியபோதுதான் அப்பாவுக்கு அதன் கனம் புரிந்தது. பட்டினி இருக்கச் சொல்வதோடு காரணத்தையும் வீட்டில் சொல்லுங்கள்.

மோதிரம், செயின், வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். மின்சாரத்தால் ரத்தக் கசிவை அடைக்கும் கருவி பயன்படுத்துவதால் உடலில் உலோகம் இருக்கக் கூடாது. வெட்டாமல் கழற்ற வேண்டும் என்று நினைக்கிற கயிறு ஏதாவது இருந்தால் முந்தைய நாளே வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்செட், ஆடும் பல், கண்ணில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவையின்போது தலைப்பக்கம் தாழ்வாகச் சரித்த நிலையில் சில மணி நேரம் படுக்க வைப்பார்கள். கண் அழுத்தம் ஏறும் என்பதால் கிளாக்கோமா விஷயம் முக்கியம்.

விழித்ததும்

இரண்டு முதல் நான்கு மணி நேரம் என்று சொல்லியிருப்பார்கள். மயக்கம் கொடுப்பது, படுக்க வைப்பது, தெளிய வைப்பது எல்லாம் சேர்த்து வெளியே காத்திருப்பவர்களுக்கு அது ஆறு மணி நேரமாக நீளலாம். பயப்பட வேண்டாம்.

அப்பாவைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டார், முகமெல்லாம் வீங்கியிருந்தது. தலை கீழே சரிந்திருந்ததால் வரும் வீக்கம் அது, ஒரு நாளில் வடிந்துவிடும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும். தொண்டை கரகரக்கும், மூச்சுக் குழாயில் டியூப் போட்டதால். தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் வெட்டிவிட்டுத் தோள் ஏன் வலிக்கிறது என்று குழப்பமாக இருக்கும். இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த நரம்பு தோளில் வலியாகக் காட்டும். எழுந்து நடக்க நடக்க ஓரிரு நாளில் போய்விடும்.

அதனால் அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்கச் சொன்னால் நடங்கள். காலில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கவும் குடல் வேலை செய்யவும் நடைதான் மருந்து. எழும்போதும் இருமும்போதும் ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். அதே தலையணை வீடு திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் உதவும். வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப் போடாதீர்கள்.

யூரின் டியூபோடு வீட்டில்

சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் புதிதாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை, ஏழு முதல் பதினான்கு நாள், டியூப் இருக்கும். இந்த நாட்களில்தான் வீட்டாருக்கு வேலை அதிகம்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தரையிலும் படக் கூடாது; கட்டில் சட்டத்தில் மாட்டுங்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டால் இழுபடாது. பை முக்கால்வாசி நிறைவதற்குள் காலி செய்யுங்கள், முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டியூப் உள்ளே நுழையும் இடத்தை நாளுக்கு இரண்டு தடவை சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்யுங்கள். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வீங்கி இறுகிவிடும்.

சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது, நடந்தபின் கொஞ்சம் கூடுவது, டியூபைச் சுற்றிச் சில சொட்டுகள் கசிவது, அடிவயிறு திடீரென்று இறுக்கிப் பிடிப்பது, விதைப்பை கறுத்து வீங்குவது எல்லாம் எதிர்பார்ப்பவைதான். விதைப்பைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தால் வீக்கம் வடியும்.

மிக முக்கியமானது இது. டியூப் அடைத்துக்கொண்டாலோ கழன்று வந்துவிட்டாலோ, தெருமுனை கிளினிக்கில் போய் மாற்றிக்கொள்ளக் கூடாது. வேறு யாராவது கண்மூடித்தனமாகப் புதிய டியூபைத் தள்ளினால் உள்தையல் கிழிந்துவிடலாம். அறுவை செய்த குழுவுக்குப் போன் செய்து, அவர்களிடமே போங்கள். அதே காரணத்துக்காக, மலச்சிக்கலுக்கு எனிமா கொடுக்கவோ ஆசனவாயில் மருந்து வைக்கவோ கூடாது. புராஸ்டேட் இருந்த இடம் மலக்குடலை ஒட்டித்தான் இருக்கிறது. மருத்துவர் கொடுத்த மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகக் கொடுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். தயிர் சளி பிடிக்கும், முட்டை சூடு, தக்காளி சீழ் வைக்கும் என்று ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினேன். அதன்பிறகுதான் பாட்டி விட்டார். முதல் சில நாள் வாயு உண்டாக்கும் உணவையும் வயிறு முட்டச் சாப்பிடுவதையும் தவிர்த்தால் போதும். இதயம், சிறுநீரகம் நன்றாக இருந்தால் நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தண்ணீர்.

இவற்றில் எது நடந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்:

டியூபில் ஒன்றிரண்டு மணி நேரமாகச் சிறுநீரே வராமல் அடிவயிறு உப்புவது.
ரத்தக் கட்டிகள் வருவது, அல்லது சிறுநீர் தக்காளிச் சாறு போலக் கெட்டியாகச் சிவப்பது.
38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்.
ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.
நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்று உப்புசம்.

டியூப் எடுத்தபின்

டியூபை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்ததும் எழுந்து நின்றால் சொட்டும். சிலருக்குச் சொட்டு, சிலருக்கு ஓடும். போகும்போதே டயப்பரை எடுத்துப் போங்கள். டியூப் உள்ளே இருக்கும்போது நிறுத்தி வைத்த இடுப்படித் தசைப் பயிற்சியை மருத்துவர் சம்மதித்ததும் மறுபடி தொடங்குங்கள். எழுவதற்கு முன், இருமுவதற்கு முன் இறுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கசிவு குறைந்துவிடும்.

அப்பா ஈரத்தை எங்களிடம் மறைத்தார். லுங்கியைத் தானே துவைத்துக் காயப்போட்டார், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார், கல்யாணத்துக்கு வரவில்லை என்றார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நன்றாகக் குறைகிறது, சிலருக்கு ஒரு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேடு என்று காலண்டரில் எழுதத் தொடங்கினோம். ஐந்து நான்காகி, நான்கு இரண்டாகியதை எண்ணாகப் பார்த்தபின்தான் அவர் முகம் மாறியது. ஒரு வருடத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் அதற்கும் தனி சிகிச்சைகள் இருக்கின்றன. வெட்கப்பட்டு இருந்துவிட வேண்டாம்.

தாம்பத்தியத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். நரம்புகளைக் காப்பாற்றியிருந்தாலும் விறைப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், ஒன்றரை இரண்டு வருடம்கூட ஆகலாம். உச்ச உணர்வு இருக்கும், விந்து வெளியேறாது. உதவும் மாத்திரைகள் உண்டு. ஆனால் இதயத்துக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அவை கூடவே கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பிள்ளைகள் அந்த நேரம் வெளியே உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம், எப்போது என்ன செய்யலாம்? நடை முதல் நாளிலிருந்தே. நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்குவது ஆறு வாரத்துக்குக் கூடாது. குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் இதில் அடக்கம். மீறினால் தொப்புளுக்கு மேலே உள்ள வெட்டு வழியாகக் குடலிறக்கம் வரலாம். மேசை வேலைக்கு மூன்று நான்கு வாரம். கார் ஓட்ட, திடீரென்று பிரேக்கை அழுத்தினால் வலிக்காத நிலை வர வேண்டும். ஸ்கூட்டர், சைக்கிளின் இருக்கை சரியாகத் தையலுக்குக் கீழே அழுத்தும் என்பதால் அவற்றுக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், மருத்துவரைக் கேட்டே ஏறுங்கள்.

கர்ப்பப்பை, சிறுநீரகம், குடல் என்று வேறு ரோபோ அறுவைக்குப் போகிறவர்களுக்கும் மாத்திரை, பட்டினி, நடை, தூக்கக் கூடாத எடை ஆகியவை ஏறக்குறைய இவைதான். டியூப் நாட்களும் உறவுக்கான இடைவெளியும் மாறும். அதைத் தனியாகக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டும் பிஎஸ்ஏவும்

எடுத்த புராஸ்டேட்டைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். வெட்டிய விளிம்பில் புற்றுநோய் அணுக்கள் இருக்கின்றனவா, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று அதில் இருக்கும். அந்த இரண்டையும் மருத்துவரிடம் உங்கள் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முதல் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவுதான் பிஎஸ்ஏ. புராஸ்டேட்டே இல்லாததால் அளவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். பின்னால் எப்போதாவது 0.2 (ng/ml) அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். அப்போதும் கதிர்வீச்சு போன்ற வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் சின்ன வித்தியாசம் வந்து வீணாகத் தூக்கம் கெடும். அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் தேதியும் எண்ணும் மட்டும் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. மருத்துவர் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.